வழக்கு முடிந்த பிறகு தெருவுக்கு வந்தவர்: பெர்னி பான்டன்

பெர்னி பான்டனுக்குக் கிடைக்க வேண்டிய பணம் 2000ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. சிட்னியில் உள்ள தூசி நோய்கள் தீர்ப்பாயத்தில் வழக்காடி எட்டு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வாங்கியிருந்தார். கல்நார்த் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன ஒரு முன்னாள் ஆலைத் தொழிலாளி அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாளை வீட்டோடு கழித்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாட்டுக்கு அவர் முகம் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். 2007 டிசம்பர் 5 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. இரண்டு நாள் முன்பு பதவியேற்ற பிரதமர் கெவின் ரட் அதற்கு வந்திருந்தார்.

தன் கணக்கு தீர்ந்த பிறகும் ஒருவர் ஏழு ஆண்டுகள், மூச்சுக்கு ஆக்சிஜன் குடுவையைச் சுமந்துகொண்டு ஊர்வலத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் ஏன் நின்றார்? அவருடைய குணம் பாதி காரணம். மீதி அந்த நோயின் குணத்தில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும்.

கமீலியா

பான்டன் பிறந்தது 1946 அக்டோபர் 13. சிட்னிக்கு மேற்கே பாராமட்டாவை ஒட்டி கமீலியா என்றொரு இடம். அங்கே ஜேம்ஸ் ஹார்டி குழுமத்தின் ஆலை இருந்தது. 1968இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் 1974 வரை இருந்தார். மொத்தம் ஆறே ஆண்டு. கொதிகலன்கள், நீராவிக் குழாய்கள் மேல் சூடு வெளியேறாமல் பொதிகிற வெப்பக்காப்புப் பொருளைச் செய்யும் பிரிவு அது. அந்தப் பொருளில் கல்நார் கலந்திருந்தது. அதை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்பிய வெண்தூசி ஆட்களை மூடிவிடும். பனிப் பொம்மைகள் மாதிரி இருப்போம் என்று பிற்காலத்தில் பான்டன் சொல்வார். அவருடைய சகோதரர் டெட் என்பவரும் ஹார்டியில் வேலை பார்த்தவர்தான். பெர்னிக்கு முன்பே மீசோதீலியோமா என்ற புற்றுநோய் டெட்டைக் கொண்டுபோய்விட்டது.

கல்நார் என்பது அகராதித் தமிழ். நம்மூர் வாயில் அது ஆஸ்பெட்டாஸ். ஷெட் போட்டாலும், மாட்டுத்தொழுவம் போட்டாலும், மாடியில் வாடகைக்கு ஒரு அறை இழுத்தாலும் மேலே ஏறுகிற அந்தச் சாம்பல் நிற அலைத் தகடு. ஆஸ்திரேலியாவில் அதற்கு ஃபைப்ரோ என்று செல்லப்பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடில்லாமல் திண்டாடிய குடும்பங்கள் சுவருக்கே ஃபைப்ரோ அடித்துக் குடியேறின. கமீலியாவில் 1917லேயே அந்தத் தகட்டைச் செய்யத் தொடங்கியது ஹார்டி. 1888இல் ஜேம்ஸ் ஹார்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர் மெல்போர்னில் தொடங்கிய இறக்குமதிக் கடை, ஒரு தேசத்தின் வீட்டுச் சுவராகவே மாறியிருந்தது.

கெடுதல் என்னவென்றால், கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பிளந்துகொண்டே போகும். மூச்சோடு உள்ளே போனால் கரையாது, மக்காது. அதை விழுங்கிச் செரிக்க வருகிற உடலின் காவல் அணுக்கள் செரிக்க முடியாமல் அழிகின்றன. அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. நுரையீரலே தழும்பாகி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலையோ வயிற்றையோ உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் புற்று பிறந்தால் அது மீசோதீலியோமா. தூசி உள்ளே போவதற்கும் இந்தப் புற்று வெளிப்படுவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடலாம். வேலையை விட்டிருப்பார், வேறு தொழில் பார்த்திருப்பார், பேரப்பிள்ளை எடுத்திருப்பார். பிறகுதான் நோய் வந்து கதவைத் தட்டும்.

பான்டன் 1974இல் ஆலையை விட்டார். ஆஸ்பெஸ்டோசிஸும், நுரையீரல் உறை தடித்துப்போகும் இன்னொரு கல்நார் நோயும் இருப்பது 1999இல் தெரிந்தது. இடையில் 25 ஆண்டுகள்.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்" என்ற சமாதானத்தை இந்தக் கதையில் ஏற்க முடியாது. கல்நார்த் தூசியைக் கட்டுப்படுத்தப் பிரிட்டன் 1931லேயே விதி போட்டது. கல்நார் ஆலைத் தொழிலாளிகளிடம் நுரையீரல் புற்று அதிகம் என்று ரிச்சர்டு டால் 1955இல் கணக்குக் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிறிஸ் வாக்னரும் அவரோடு இரு மருத்துவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கேப் மாகாணத்துக் கல்நார் வயல்களோடு தொடர்பு இருந்தது. சிலர் சுரங்கத்தில் வேலையே செய்ததில்லை, பக்கத்தில் குடியிருந்தவர்கள் மட்டும்தான். அந்தக் கட்டுரை வந்து எட்டு ஆண்டு கழித்துத்தான் பான்டன் கமீலியா ஆலைக்குள் கால் வைத்தார்.

இந்தியாவிலும் சட்டம் இந்தக் காலதாமதத்தைப் புரிந்துகொண்ட ஒரு தருணம் உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளிகள் பற்றிய வழக்கில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் ஆலை வைத்திருக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆலைக்குள் வேலை செய்பவருக்கு. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுக்கிற ஷெட்காரருக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரை முழுக்கத் தடை செய்துவிட்டது. நம்மூர் ஷீட்டுக்கான வெள்ளைக் கல்நார் இன்னும் கப்பலில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கழற்றிவிட்ட கணக்கு

மருத்துவருக்கு இந்த 20-50 ஆண்டு இடைவெளி ஒரு புதிர். கம்பெனியின் கணக்குப் பிள்ளைக்கு அது வேறொன்று: இன்னும் வராத செலவு. இதுதான் பான்டன் கதையின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

ஹார்டி 1987இல் கல்நார்ப் பொருள் செய்வதை நிறுத்தியது. ஆனால் அதற்கு முன் தூசி குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரில் இருந்தார்கள். யாருக்கு எப்போது வரும் என்று தெரியாது, வரும் என்பது மட்டும் நிச்சயம். கம்பெனியோ அமெரிக்க வீட்டுச் சந்தையில் புதிய சிமெண்ட் பலகையை விற்று வளர்ந்துகொண்டிருந்தது. பழைய கடன் காலில் கட்டிய கல்லாக இருந்தது.

2001 பிப்ரவரியில் கல்லை அவிழ்த்தார்கள். கல்நார் தொழில் செய்த இரு துணை நிறுவனங்களுக்கும் பெயர் மாற்றம் நடந்தது. ஒன்று அமாகா, மற்றொன்று அமாபா. அவற்றைத் தாய் நிறுவனத்திலிருந்து பிரித்து, 'மருத்துவ ஆராய்ச்சி மற்றும் இழப்பீட்டு அறக்கட்டளை' என்ற புதிய அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். கையோடு கொடுத்தது 29.3 கோடி டாலர். இனி வரும் கல்நார் வழக்குகளுக்கெல்லாம் அறக்கட்டளையிடம் போதிய பணம் இருக்கிறது என்று பிப்ரவரி 16 அன்று பங்குச் சந்தைக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள். அதே ஆண்டு தலைமையகம் நெதர்லாந்துக்குப் போனது. ஆஸ்திரேலிய நீதிமன்றத்தின் உரிமையியல் தீர்ப்பை அங்கே அமல்படுத்துவதற்கு இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை எதுவும் கிடையாது. தேவைப்பட்டால் பழைய நிறுவனம் நெதர்லாந்து நிறுவனத்திடம், பங்குகளின் பாக்கித் தொகையாக, 190 கோடி டாலர் வரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பகுதி செலுத்திய பங்கு ஏற்பாடு மட்டும் இருந்தது. நீதிமன்றம் இந்த மாற்றங்களுக்கு ஒப்புதல் கொடுத்தபோது அந்த ஏற்பாடும் கணக்கில் இருந்தது. 2003இல் அதையும் சத்தமில்லாமல் ரத்து செய்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே அறக்கட்டளையின் பெட்டி காலியாகத் தொடங்கியது.

2004இல் மாநில அரசு டேவிட் ஜாக்சன் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. செப்டம்பரில் அறிக்கை வந்தது. பற்றாக்குறை நூறு கோடி டாலருக்கும் மேல் என்று அப்போது கணக்கிட்டார்கள். போதிய பணம் இருக்கிறது என்ற அந்த ஒற்றை அறிவிப்புக்காகப் பின்னாளில் கம்பெனி ஒழுங்குமுறை ஆணையம் இயக்குநர்கள் மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் ஆணையம் வென்றது, மேல்முறையீட்டில் இயக்குநர்கள் தப்பினார்கள், கடைசியில் 2012 மே மாதம் உயர் நீதிமன்றம் இயக்குநர்கள் கடமை தவறினார்கள் என்பதை உறுதி செய்தது. ஆஸ்திரேலியாவில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம். கார்ப்பரேட் சட்டம் படிக்கிற மாணவர்கள் அங்கே இதை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

இப்போது பான்டனை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2000இல் வழக்கு முடித்தவருக்கு 2001இன் பித்தலாட்டத்தால் அன்றைக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் யாருக்கென்றால் இருமல்கூட இன்னும் வராதவருக்கு, ஃபைப்ரோ வீட்டை இடித்துக் கட்டிய தச்சருக்கு, கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கு. அவர்களால் போராட முடியாது. தாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று அவர்களுக்கே தெரியாதே.

மூக்கில் ஒரு குழாய்

இந்த இடத்தில்தான் பான்டன் வருகிறார். ஆஸ்திரேலியக் கல்நார் நோய்கள் அறக்கட்டளை என்ற நோயாளிகள் அமைப்பின் துணைத் தலைவராக இருந்தார். தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் கிரெக் கோம்பே பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஏற்றபோது பக்கத்து நாற்காலியில் பான்டன் இருந்தார். மூக்கில் பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்க வேண்டும்.

அவரைத் தொலைக்காட்சிக்காக முன்னிறுத்தினார்கள் என்று சொல்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. சங்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஆனால் முகமாக மட்டும் இருக்கும் ஆள் இல்லை அவர். நகைச்சுவையும் கோபமும் ஒரே மூச்சில் வரும், பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கம்பெனி அதிகாரிகள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எதிர்கால நோயாளிகளின் எண்ணிக்கையை வரைபடத்தில் வளைகோடாகப் போட்டுப் பேசும்போது, அந்தக் கோட்டில் ஒரு புள்ளி எதிரே உட்கார்ந்து மூச்சு விடுகிற சத்தம் அந்த அறையில் கேட்டிருக்கும். நான் அந்த அறையில் இருந்ததில்லை. ஆக்சிஜன் போட்டவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

2004 செப்டம்பரில் சிட்னியில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஹார்டி பொருளை வாங்க மாட்டோம் என்று உள்ளாட்சி மன்றங்கள் தீர்மானம் போட்டன, மாநில அரசுகளும் புறக்கணிப்பைப் பற்றிப் பேசின. நெதர்லாந்துக்குப் போன கம்பெனியை வழிக்குக் கொண்டுவந்தது சட்டத்தைவிட இந்த வியாபார பயம்தான் என்பது என் கணிப்பு. அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று முதல் உடன்பாடு கையெழுத்தானது. முழு ஒப்பந்தத்துக்கு இன்னும் ஓராண்டு ஆனது, 2005 டிசம்பரில் முடிந்தது. பிறகு நோயாளிகளுக்கு இழப்பீடு கொடுக்கும் புதிய நிதியத்துக்கு ஹார்டி செலுத்தும் பணத்துக்கு வரி விலக்கு உண்டா இல்லையா என்று ஓர் இழுபறி. பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்தபோது 2007 பிப்ரவரி ஆகிவிட்டது. ஒப்பந்தத்தின் சாரம் இது: 40 ஆண்டுகளுக்கு, நோய் வருகிறவர்களுக்கு வருகிறபோது, ஹார்டி பணம் கொடுக்கும். ஆனால் எந்த ஆண்டிலும் செயல்பாட்டுப் பணவரவில் 35 விழுக்காட்டுக்கு மேல் கேட்க முடியாது.

அந்த 35 விழுக்காட்டு வரம்பு சாதாரண ஷரத்து இல்லை. கம்பெனி செத்துவிட்டால் நோயாளிக்கும் பணம் இல்லை என்பதால் சங்கம் அதற்கு ஒப்புக்கொண்டது. அதன் வலி சீக்கிரமே தெரிந்தது. 2008இல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோது ஹார்டியின் வரவும் சரிந்தது, நிதியம் தள்ளாடியது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 32 கோடி டாலர் வரை கடன் வசதி செய்து கொடுத்துத்தான் அதை நிமிர்த்த வேண்டியிருந்தது.

இடையே 2005இல் பான்டனுக்கு ஆஸ்திரேலிய அரசின் விருது கிடைத்தது. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்ந்தது.

2007

நிதியம் தொடங்கி ஆறு மாதம். ஆகஸ்டில் பான்டனுக்கு மீசோதீலியோமா என்று தெரிந்தது. நுரையீரல் உறையில் வருவதுதான் அதிகம், இவருக்கு வயிற்று உறையில் வந்தது. ஆலையை விட்டு 33 ஆண்டுகள் கழித்து.

இந்தப் புற்றுக்கு அப்போது கையில் இருந்த பெரிய மருந்து பெமெட்ரெக்ஸட், வணிகப் பெயர் அலிம்டா. அதை சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு புற்று மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2003இல் வந்திருந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலமாக, 9.3 மாதம் வாழ்ந்தார்கள், இரண்டும் பெற்றவர்கள் 12.1 மாதம். கிட்டத்தட்ட மூன்று மாதம் கூடுதல். விலையோ சாதாரணக் குடும்பம் தாங்காத விலை. அரசின் மானிய மருந்துப் பட்டியலில் சேர்த்தால்தான் எல்லாருக்கும் கிடைக்கும்.

மூன்று மாதத்துக்கா இத்தனை பாடு என்று கணக்குப் பார்க்கிறவர் கேட்கலாம். புற்றுநோய் வார்டில் மூன்று மாதம் என்பது மகள் கல்யாணம், ஒரு தீபாவளி, சொத்துப் பத்திரத்தைப் பெயர் மாற்றி முடிக்கிற அவகாசம். அக்டோபர் 30 அன்று சுமார் 17,000 கையெழுத்துகளோடு பான்டன் அன்றைய சுகாதார அமைச்சர் டோனி அபாட்டின் தொகுதி அலுவலகத்துக்குப் போனார். தேர்தல் பிரசார நேரம். அமைச்சர் அங்கே இல்லை. கோழைத்தனம் என்றார் பான்டன். இதெல்லாம் நாடகம் என்ற அபாட், நோயாளி என்பதாலேயே ஒருவர் எல்லாவற்றிலும் தூய உள்ளம் படைத்தவர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லி வைத்தார். தர்க்கமாகப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. சாகக் கிடப்பவரைப் பார்த்துச் சொன்னதால் நாடு முழுக்கக் கொதித்தது. மறுநாள் அபாட் மன்னிப்புக் கேட்டார். அந்த மருந்து பின்னாளில் மானியப் பட்டியலில் சேர்ந்தது.

அதற்குள் பான்டன் இரண்டாவது வழக்கைத் தொடுத்திருந்தார். முதல் இழப்பீடு ஆஸ்பெஸ்டோசிஸுக்கு வாங்கியது. புற்று வந்தால் மறுபடி வரலாம் என்று சட்டம் வழி விட்டிருந்தது. எதிராளி அமாகா, 2001இல் பெயர் மாற்றிக் கழற்றிவிட்ட அதே நிறுவனம். உடல் எழ முடியாத நிலைக்குப் போனதால் சிட்னி கான்கார்டு மருத்துவமனையில், படுக்கையருகே தீர்ப்பாயம் கூடியது. குழாய்களுக்கு நடுவே கிடந்தபடி சாட்சி சொன்னார். தேர்தலுக்கு முந்தைய நாட்களில் சமரசம் ஏற்பட்டது, தொகை வெளியே வரவில்லை.

நவம்பர் 24 இரவு பிரிஸ்பேனில் வெற்றி மேடையில் நின்ற கெவின் ரட் நாட்டு மக்களுக்கு நன்றி சொல்லும் பேச்சின் நடுவே பெர்னியை அழைத்து, உன்னை மறக்க மாட்டோம் என்ற பொருளில் பேசினார். மூன்று நாள் கழித்து, 27ஆம் தேதி, மனைவி கரெனும் குடும்பமும் சூழ்ந்திருக்க வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 61. கான்கார்டு வளாகத்தில் 2009இல் திறந்த கல்நார் நோய் ஆராய்ச்சி நிலையக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்னும் நோய் வராதவர்களுக்காகத்தான் அவர் ஏழு ஆண்டு நின்றார் என்று மேலே எழுதினேன். 2000இல், பின்னாளில் அமாகா என்று பெயர் மாறிய நிறுவனத்திடம் பணம் வாங்கியபோது அவர் வயிற்றில் புற்று இல்லை, இழை மட்டும் இருந்தது. 2007 நவம்பரில் அமாகாவின் கடனை அடைக்க ஒரு பெட்டியில் பணம் இருந்தது என்றால், அந்தப் பெட்டியை வைக்க வைத்தவர்களில் ஒருவர் அவர்.